வட்டத்தில் எங்கே தப்பு, மாமா?

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா சுகம், அப்பா சுகம், நான் சுகம். கார் மட்டும் சுகமாக இல்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "அப்புறம்?" என்று கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் அப்பாவும் இருப்பார்.

போன முறை வந்தபோது சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னீர்கள். "எங்க அணையில தண்ணி சும்மா விழுது அத்தான். நடுவுல ஒரு சக்கரத்த வச்சாங்க, ஊருக்கே கரண்டு." சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். அப்பாவுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நீங்கள் அங்கே கேண்டீனில் டீ போடுகிறவர்தான் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அணைக்குள்ளதானே போடறான்?" என்றார் அப்பா. ஒருநாள் காரை வாடகைக்கு ஓட்டிவிட்டு வந்தவர் அதன் முகப்பைத் தடவியபடியே நின்றார். "ஓட்டும்போது எவ்வளவு காத்து வந்து மோதுது தெரியுமா? அத்தனையும் வீணாப் போவுது. உங்க மாமன் இருந்தா விட்டிருப்பானா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நம் வீட்டுப் பழைய மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வெல்டரிடம் போய்விட்டார்.

இப்போது காரின் கூரையில் விசிறி நிற்கிறது. அதன் பின்னால் ஒரு டைனமோ, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் ஒரு சின்ன பல்பு. அந்த பல்பை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து, எரிகிறதா இல்லையா என்று சொல்வது என் வேலை. தெருவில் யாராவது பார்த்தால் சுவரோரம் ஒதுங்குகிற பெண் நான். இப்போது சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பஸ்ஸே குனிந்து பார்க்கிறது. தினமும் நம் காரில் போகும் கண் டாக்டரம்மா முதல் நாளே கேட்டார்கள், "என்னப்பா, மேல பறக்குமா? நான் ஆஸ்பத்திரியில இறங்கணும்."

பல்பு எரிகிறது மாமா, அதுதான் வினை. காரை வேகமாக ஓட்டினால் பளிச்சென்று எரிகிறது. அப்பா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை தட்டினார். ஆனால் வண்டி முன்பு போல ஓடவில்லை, மேட்டில் முனகுகிறது, பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது. நான் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்தேன். கையைப் படுக்கவைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகிறது. உள்ளங்கையைக் காற்றுக்கு நேராகக் காட்டினால் கையைப் பின்னால் தள்ளுகிறது. கையைத் தள்ளுகிற காற்று விசிறியைத் தள்ளாதா, விசிறி காரைப் பின்னால் இழுக்காதா? காரின் மூக்கைச் சரிவாகச் செய்தவர்கள் காற்று வழுக்கிப் போகட்டும் என்றுதானே செய்திருப்பார்கள்? நாங்கள் அதன் தலையிலேயே காற்றைப் பிடித்து நிறுத்த ஆள் வைத்திருக்கிறோம். இதை எப்படியோ தைரியம் வந்து அப்பாவிடம் கேட்டேன். "காத்து தள்ளல. நீ சரியா சாப்பிடறதில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வந்து காரின் இன்ஜினைக் கழற்றப்போகிறார். அதன் இடத்தில் மாவு மில்லில் கிடந்த பழைய மோட்டாரை வைக்கப்போகிறார்களாம். விசிறி சுற்றினால் கரண்டு வரும், கரண்டு வந்தால் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் கார் ஓடும், கார் ஓடினால் காற்று வரும், காற்று வந்தால் விசிறி சுற்றும். அப்பா விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். வட்டத்தில் எங்கோ தப்பு இருக்கிறது, எங்கே என்றுதான் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மின்சாரம் கடைசிப் பாடம். நான் நடுவிலேயே நின்றுவிட்டேன். அம்மா மட்டும், "முதல்ல கார யாரு தள்ளுவா?" என்று கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும்தான்" என்றார்.

இன்ஜினைக் கழற்றிவிட்டால் வாடகை ஓடாது, வீடும் ஓடாது. அணையில் மட்டும் எப்படி நடக்கிறது என்று யோசித்து யோசித்து எனக்கு இவ்வளவுதான் எட்டியது: அங்கே தண்ணீரை மேலே கொண்டுபோவது வெயிலும் மழையும். இங்கே காற்றை உண்டாக்குவது நம் கார்தான். நம் பெட்ரோல்தான் காற்றாகத் திரும்பி வந்து நம்மையே இழுக்கிறது. இது சரியா தப்பா தெரியவில்லை. சரியென்றால் உடனே அப்பாவுக்கு எழுதுங்கள். தப்பென்றாலும் எழுதுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிக்கு என் முத்தம். அம்மா உங்களை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், இனிமேல் கை கழுவும்போது பேசவேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். எப்படி வாய் வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அங்க தண்ணி மேலேருந்து விழுதுப்பா. நம்ம காத்து அப்படியில்லப்பா, அத நாமதான் உண்டாக்கறோம்." அப்பா எழுந்தார். "உன்ன படிக்க வச்சிருக்கணும்டி" என்று என் தலையைத் தடவிவிட்டு, நேராகப் போய் விசிறியைக் கழற்றினார். நான் இந்தக் கடிதத்தைக் கிழிக்கப்போனேன். அதற்குள் மொட்டைமாடியிலிருந்து, "மோட்டாரப் போடு!" என்று குரல் வந்தது. தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட்டேன். மாடியில் தொட்டி நிரம்பியது. அப்பா குழாயைத் திறந்தார். தண்ணீர் விழுந்து கீழே வைத்திருந்த விசிறி சுற்றியது, பல்பு எரிந்தது. தெருவே கூடிவிட்டது. "எம்பொண்ணு சொன்னா, காத்து இல்ல, தண்ணின்னு!" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், கை இன்னும் மோட்டார் சுவிட்சிலேயே இருந்தது.

அதனால் காற்றைப் பற்றி எழுத வேண்டாம் மாமா. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காரின் மேல் ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் பிடிக்க ஆள் குறைகிறதாம். அணையில் இருக்கிறவன் கை பட்டால் நல்லது என்று அப்பா உங்களைக் காலையிலேயே வரச்சொன்னார்.