வேலிக்கு வெளியே ஒரு வீடு

சொத்து சேர்ப்பதிலும் சரி, அதைக் கோட்டை விடுவதிலும் சரி, எங்கள் 'பத்து வருசம்' அண்ணனை மிஞ்ச மலாக்கா மாநிலத்திலேயே ஆள் கிடையாது.

எந்த வீட்டைப் பார்த்தாலும் விலையை வருட வாடகையால் வகுப்பார். விடை பத்தைத் தாண்டினால் அவருக்கு அது சொத்தே இல்லை. ஒருமுறை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், பார்க்கப் போன என்னிடம், "இருபது கட்டிலு தம்பி. ஆறே வருசத்துல முதல் வந்திரும்" என்றார்.

கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காட்டுக்குள் இருந்த மலாயா அவசரகாலம் அது. சிம்பாங் அம்பாட்டில் நாங்கள் இருந்த பகுதியைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறுக்குக் கேட்டைச் சாத்தினால் மறுநாள் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். வேலிக்கு வெளியே ரோட்டோரமாக ஒரு வீடு சல்லிசாக வந்தது. அண்ணன் குடியிருந்த வீட்டின் பட்டாவான கிராண்டை டவுனில் அடமானம் வைத்து அதை வாங்கிவிட்டார்.

"வீட்டுக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த காசை எழுப்பி விட்டிருக்கேன். நாலே வருசம்லா."

நான் அப்போது எஸ்டேட் கிராணி, கணக்கு எழுதுபவன். அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். "ராத்திரி அங்க யாருண்ணே தங்குவா?" என்று கேட்டேன். இரவை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வட்டி கட்டத் தவறினால் இருக்கும் வீடும் போய்விடும். அவர் மனைவியான அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அண்ணன் அசரவில்லை. புது வீட்டைப் பகலுக்கு மட்டும் வாடகைக்கு விடுவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அகப்பட்ட முதல் ஆள் நான். எனக்குத்தான் கல்யாணம். அதை அந்த வீட்டில் வைக்க முன்பணமும் கொடுத்துவிட்டேன். அந்த மாத வட்டிக்கு அவர் நம்பியிருந்ததும் அந்தப் பணத்தைத்தான்.

முகூர்த்தத்தன்று காலை அட்சதைத் தட்டோடு முன்னால் நடந்தவர் அண்ணன். கேட்டில் காவலர் தட்டைப் பிடித்து நிறுத்தினார். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று அரிசியை வெளியே விடாத காலம்.

"இது திங்கிறதுக்கு இல்ல என்சே, தலையில போடுறதுக்கு" என்று தமிழிலும் மலாயிலும் மன்றாடினார். தன் தலையிலேயே கொஞ்சம் போட்டுக் காட்டினார். காவலர் அந்த அரிசியையும் தட்டச் சொல்லிவிட்டார்.

அண்ணன் திரும்பி ஓடினார். சொந்த வீட்டுக் கூடத்தையும் அவர் ஒரு கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதிலிருந்த பதினான்கு வெங்காய மூட்டைகளையும் தானே முதுகில் தூக்கிக் கொல்லையில் போட்டார். அந்தக் கூடத்தில்தான் நான் தாலி கட்டினேன். வெங்காய வாடையில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். பெண் வீட்டார் மிகவும் உருகிவிட்டதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் முன்பணத்தை என் கையில் திணித்தார்.

"வட்டிக்கு என்னண்ணே செய்வீங்க?"

"அட்சதை போவாத வீட்டுக்கு எப்படிப்பா வாடகை வாங்குறது?"

மறுநாள் அக்கா கழுத்தில் சங்கிலி இல்லை, வட்டிக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டார். "இதுக்கு எத்தனை வருசம்னு மட்டும் கேட்டீங்க, தெரியும்" என்று அண்ணனிடம் சொன்னார். மாதக்கணக்கில் வாய் திறக்காதவர் பேசிய முதல் பேச்சு அது.

கட்டுப்பாடுகள் தளர்ந்து, கேட் திறந்தே கிடக்கத் தொடங்கியதும் அந்த வீட்டுக்குக் குடித்தனம் வந்தது. வாங்கிய வாடகையை எல்லாம் சேர்த்து அண்ணன் முதலில் மீட்டது கிராண்டை அல்ல, சங்கிலியை.

"கிராண்டுக்கு வட்டி ஏறுதே. சங்கிலிக்கு எத்தனை வருசம் போட்டீங்க?" என்று சீண்டினேன்.

"அதுக்கு நான் கணக்குப் பார்க்கலப்பா" என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.