ஸ்பைரல்காரரும் கோவளத்தில் நின்ற அப்பாவும்

என் நாவலை முழுசாகப் படித்த ஒரே மனிதர் பொத்தேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்பைரல்காரர்தான். என் மனைவியையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் போடுகிறவர், அவ்வளவுதான். ரிப்போர்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு துளை போடுவார். கதை, கவிதை என்றால் படித்து முடிக்காமல் ஒரு துளை விழாது.

"உள்ள இன்னா கீதுன்னு தெரியாம எப்டி சார் ஓட்ட போட்றது?" என்பார்.

கவிதை வந்தால் மெஷினையே நிறுத்திவிடுவார். ஒருமுறை ஒரு மாணவி தன் கவிதைகளைக் கொடுத்தாள். மழை பற்றிய நாலு வரியைப் படித்தவர் எழுந்து மாடிக்குப் போய், வெயில் கொளுத்தும் மதியத்தில், காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு வந்தார். வரிசையில் பதினோரு பேர் காத்து நின்றார்கள்.

"நல்ல கவித" என்றார்.

நானும் அந்த நாலு வரியை எட்டிப் படித்தேன். படிமம், இறுக்கம் என்று ஏதேதோ தோன்றியது. துணி தோன்றவில்லை.

பிறகு என் நாவலின் முறை வந்தது. ஆறு வருட உழைப்பு. ஒரு நாவல் போட்டிக்கு அன்று கடைசி நாள்; ஐந்து மணிக்குள் கூரியரில் போட்டாக வேண்டும். முந்தின நாளே கொடுத்திருந்தேன். மூன்று மணிக்குப் போனால் தாள்கள் துளையில்லாமல் கிடந்தன.

"இன்னா சார், அந்த அப்பாவ அங்கியே வுட்டுட்ட?"

"எந்த அப்பா?"

"மூணாவது அத்தியாயத்துல, கோவளம் பஸ் ஸ்டாப்புல. பொண்ண கூட்டினு போவ வந்தாரே! அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாயி கொயந்தையே பொறந்துட்ச்சி. அவுரு இன்னும் நின்னுகினு கீறாரு. கையில கொட கூட இல்ல."

சத்தியமாக அவரை மறந்தே போயிருந்தேன். ஆனாலும் எழுத்தாளன் இல்லையா, சமாளித்தேன். "அது வாசகர் கற்பனைக்கு விட்ட இடம்."

"நான்தான் சார் வாசகர். நேத்து எனக்கு சோறே எறங்கல."

எரிச்சலில் தாள்களை அள்ளிக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே வரிசையில் நிற்கும்போதுதான் கோவளத்தில் நிற்கும் அந்த அப்பா என்ன சட்டை போட்டிருப்பார் என்று ஆறு வருடத்தில் முதல்முறையாக யோசித்தேன். அதற்குமேல் நிற்க முடியவில்லை. திரும்பி வந்தேன்.

ஸ்பைரல்காரர் ஸ்டூலையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். மகள் வரமாட்டாள் என்று போனில் தெரிந்துகொண்டு, அப்பா பஸ் ஏறித் திருப்போரூரில் வீடு போய்ச் சேர்வதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"சாப்ட்டாரா?"

"சாப்பிட்டார்."

"எய்தலையே?"

எழுதினேன். அதன் பிறகே முதல் துளை விழுந்தது. நான் கூரியர் கடைக்கு ஓடிப் போனபோது மணி ஐந்தே கால். ஷட்டர் இறங்கியிருந்தது.

அந்த ஒரே பிரதி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பரிசு போன வருத்தம் உண்டு. அவர் மேல் கோபம் மட்டும் வரவில்லை. இப்போதும் பஸ் கோவளத்தைத் தாண்டும்போது அந்த நிறுத்தத்தை எட்டிப் பார்க்கிறேன். யாரும் நிற்கவில்லை என்றால், பொத்தேரியில் ஒரு மனிதர் இன்று நிம்மதியாகச் சாப்பிடுவார் என்று நினைத்துக்கொள்கிறேன்.