அமெரிக்க மாத்திரையும் என் நாலு முடியும்

தலையே போனாலும் தலைமுடியைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

காரணம் என் மனைவி அமலோற்பவமேரி. மகள் பிரின்சிக்கு அமெரிக்க விசா இழுத்தடித்தபோது, அது கிடைத்தால் மொட்டை போடுவதாக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். நேர்ந்தது அவள் வாய், மொட்டை என் தலைக்கு. பிரின்சி அமெரிக்கா போய் இரண்டு வருஷம் ஆகியும் நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருப்பதே நாலு முடி ஐயா. அதையும் இறக்கிவிட்டால், செப்டம்பரில் திண்டிவனத்தில் நடக்கும் பழைய மாணவர் கூட்டத்துக்கு எப்படிப் போவது? "இது நம்ம ஞானராஜா?" என்று கேட்டே கொன்றுவிடுவான்கள்.

இந்த நேரத்தில்தான் பிரின்சி, அம்மாவுக்கு முடி வளர ஒரு டப்பா மாத்திரை அனுப்பினாள். மாத்திரை என்று பேர், தின்றால் ஜெல்லி மிட்டாய். அம்மாவுக்கோ ஏற்கெனவே இடுப்பு வரைக்கும் முடி. இது அநியாயம் இல்லையா? தினமும் அவள் காலைப் பூசைக்குப் போன நேரத்தில் ரெண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். குறைந்த இடத்தைக் கடை ஜெல்லி வாங்கி ரொப்பினேன். ஒரு மாசத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், முன்நெற்றியில் பூனைமுடி மாதிரி ஏதோ முளைத்தது.

ஆகஸ்டில் ஒரு நாள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் நிற்கிறேன். போன் வந்தது.

"ஏங்க, பிரின்சி அனுப்புன டப்பாவுல தேதி பாத்தீங்களா?"

"நான் ஏன் அதைப் பாக்கறேன்?"

"பன்னெண்டு, ஏழுன்னு போட்டிருக்கு. ஜூலை பன்னெண்டோட முடிஞ்சிடுச்சி. ஒரு மாசம் ஆவுது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"முடிஞ்சா என்னா இப்ப? மாத்திரைதானே."

"தூக்கிப் போட்டுடலாம். எதுனா நாய் தின்னுட்டு செத்துகித்து வைக்கப் போவுதுன்னுதான் பயமா இருக்கு."

"செத்துடுமா?"

"எனக்கு என்னாங்க தெரியும். முதல்ல நாக்கு வறளுமாம். வேர்த்துக் கொட்டுமாம். அப்புறம்..."

"அப்புறம்?"

"இருங்க, பால் பொங்குது."

வைத்துவிட்டாள்.

விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது. நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன், வறண்டிருந்தது. நெற்றியைத் தொட்டேன், வேர்த்திருந்தது. அந்தக் கூட்டத்தில் கண்டக்டருக்கும்தான் வேர்த்தது, ஆனால் அவர் மாத்திரை தின்னவில்லையே. அந்த 'அப்புறம்' என்ன என்று நானே நினைத்துப் பார்த்தேன். பூனைமுடி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும், அதற்குக் கீழே ஆள் இருக்கமாட்டான். செத்துப்போக எனக்குப் பயமாக இருந்தது. அதுவும் டோல்கேட்டில்.

நானே கூப்பிட்டேன்.

"மேரி, அந்த நாய் நான்தான்."

"எந்த நாய்?"

"மாத்திரை தின்ன நாய்."

"எத்தினி?"

"தினம் ரெண்டு. பிரின்சிகிட்ட என்னா பண்றதுன்னு கேளு, ஜல்தி."

"அங்க இப்ப ராத்திரி, தூங்கிக்கினு இருப்பா. மாதாவைக் கேளுங்க, அவங்க தூங்கமாட்டாங்க."

"மாதாவே, காப்பாத்து. மொட்டை போட்டுடறேன்."

"பஸ் சத்தத்துல கேக்கலங்க."

"மொட்டை போட்டுடறேன்."

"எப்ப?"

"இந்த ஞாயித்துக்கிழமை," என்று கத்தினேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் பூக்கூடை வைத்திருந்த அம்மா, "வேண்டிக்கினா மறக்காத சாமி, பொல்லாப்பு" என்றார்.

"சரி, திண்டிவனத்துல எறங்கி ஒரு மோர் குடிங்க," என்றாள் மேரி.

குடித்தேன். நாக்கு நனைந்தது, வேர்வை நின்றது. மாதாவின் அற்புதம் என்று பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணியில் நாலு முடியும், புதுசாக வந்த பூனைமுடியும் இறங்கின. திங்கட்கிழமை பிரின்சி வீடியோ காலில் வந்தாள். என் தலையைப் பார்த்துச் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, தேதி முடிந்த மாத்திரை அனுப்பலாமா என்று கேட்டேன்.

"அப்பா, இங்க மாசத்தைத்தான் முன்னாடி போடுவாங்க. அது டிசம்பர் ஏழு. டப்பா அனுப்பும்போதே அம்மாகிட்ட சொன்னேனே."

திரும்பிப் பார்த்தேன். மேரி கேப்பை மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சே பொய் சொன்னியா? பாவம் இல்லையா அது?"

"பாவம்தாங்க. அதான் நேத்து நீங்க மொட்டைக்கு வரிசையில நிக்கும்போதே போயி ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்."

"ஃபாதர் என்னா சொன்னாரு?"

"ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம் அபராதமா மூணு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னாரு. உங்க தலைக்குச் சந்தனம் பூசும்போதே சொல்லி முடிச்சிட்டேன்."