உஷாவுக்குப் புனிதர் யோகம்

"அய்யய்யோ, பன்னிரண்டுல கேது!" என்று சந்திரசேகரன் போட்ட சத்தத்தில் சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது.

கொண்டாப்பூர் கம்பெனி ஒன்றில் மேனேஜர் அவர். எந்த மடம், எந்தச் சாமியார் பற்றிச் செய்தி வந்தாலும், கிரகங்களைப் பிடித்து உலுக்கித் தன் வலைப்பூவில் விளக்கம் எழுதாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அன்றைய செய்தி, ஒரு கன்னியாஸ்திரீக்குப் புனிதர் பட்டம். அந்தம்மாள் ஜாதகத்தைக் கணித்தவர் சும்மா இருந்திருக்கலாம். பாஸ்போர்ட்டில் தேதி பார்த்து, மனைவி உஷாவுக்கும் கணித்துத் தொலைத்தார். காதல் கல்யாணம், இத்தனை வருஷத்தில் அவள் ஜாதகத்தை அவர் பார்த்ததே இல்லை. பார்த்தால், அந்தம்மாளுக்கும் உஷாவுக்கும் கேது ஒரே இடத்தில், துறவு தரும் பன்னிரண்டாம் வீட்டில்!

"உஷா, நீ சந்நியாசம் போயிடுவ போலிருக்கே!"

"அப்படியா? எப்போங்க?" என்றாள் உஷா, பாத்திரம் தேய்த்தபடி.

அந்த நிதானம்தான் அவரைப் பயமுறுத்தியது. உஷா இல்லாத வீட்டை நினைத்தாலே அழுகை முட்டியது.

ஆசை காட்டி நிறுத்திவிடலாம் என்று பட்டுப்புடவை வாங்கி வந்தார். அவள் அதை எதிர்வீட்டு ரோஸ்லினுக்குக் கொடுத்துவிட்டாள்.

"பாவம், மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டிக்கட்டும்."

போச்சு, பற்று போயே போச்சு! வேலைச் சுமையால் வந்த விரக்தி என்று முடிவு கட்டி, கிரிக்கெட்டைத் தியாகம் செய்து, போவன்பள்ளி மார்க்கெட்டில் காய் வாங்கி, தாமே சமைத்தார். உஷா இரண்டு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போதுங்க."

"உபவாசமும் ஆரம்பிச்சிட்டாம்மா!" என்று ரோஸ்லினிடம் போய்ப் புலம்பினார்.

செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ரோஸ்லின் அசரவில்லை. "காய்கூ அண்ணா, எதுக்கு டென்ஷன்? புனிதை ஆகணும்னா ரெண்டு புதுமை, அதான் அற்புதம், நடக்கணும். நீங்க அடுப்பு பத்த வெச்சது ஒண்ணுதான் ஆயிருக்கு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தையும் தாமே தேய்த்தார். பக்கத்தில் நின்று உஷா ஊர்க்கதையெல்லாம் பேசினாள். இப்படிப் பேசி எத்தனை வருஷமாயிற்று! இவளை விட்டுவிட முடியுமா?

ரோஸ்லின் கூப்பிட்டு உஷா வாசலுக்குப் போனதும், பரிகாரம் தேட, சரியான பிறந்த நேரம் கேட்டு மைத்துனன் லட்சுமணனுக்குப் போன் போட்டார்.

"அத்தான், பாஸ்போர்ட்ல இருக்கறது பள்ளிக்கூடத்துல சேர்க்க எங்கப்பா சும்மா போட்ட தேதி. அக்கா பொறந்தது தீபாவளி சமயம்!"

சந்திரசேகரனுக்கு உயிர் வந்தது. சோப்பு நுரை சொட்டும் கையோடு வாசலுக்கு ஓடினார்.

"உஷா! நீ எங்கேயும் போகமாட்ட! அது உன் ஜாதகமே இல்ல!"

ரோஸ்லின் அவர் கையிலிருந்த நுரையைப் பார்த்தாள். பக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, உஷாவின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா அக்கா? தேதி தப்புன்னு அன்னிக்கே அண்ணாகிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, இந்த ரெண்டாவது புதுமை நடந்திருக்குமா?"