பள்ளி மணி நிற்காமல் அடித்த விவரம்

அன்பும் மதிப்பும் மிக்க சுமியாத்தி அக்காவுக்கு,

யோக்யகர்த்தாவிலிருந்து தம்பி வினார்னோ பணிந்து எழுதுவது. இறைவன் அருளால் நான் நலம். சுராபாயாவில் உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மொழியாசிரியனுக்குக் கணினிக் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக நம் மொழியிலேயே நிரல் எழுத ஒரு ஏற்பாடு செய்கிறார்கள். எழுதியதைக் கம்பைலர் என்ற ஒன்று வாசித்துப் பார்க்கும். பிழை என்றால் நிறுத்திவிடும். சந்தேகம் என்றால் எச்சரித்துவிட்டு ஓடவிடும். அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று எழுதிக்கொடுப்பது நான். நம் வீட்டில் யாரையாவது முகத்துக்கு நேரே 'தப்பு' என்று சொன்னதுண்டா? நானும் அந்த வழக்கப்படியே எழுதினேன்.

போன மாதம் ரெத்னோ டீச்சரின் பள்ளியில் வெள்ளோட்டம். கல்வி அதிகாரி வந்திருந்தார். பள்ளி மணியை அடிக்கும் நிரலை டீச்சரே எழுதியிருந்தார்; எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார். கம்பைலர் அதைக் கண்டுபிடித்துவிட்டது அக்கா, அதன்மேல் பழி போடக் கூடாது. திரையில் என் வாசகம் வந்தது: "தங்கள் அருமையான முயற்சியில் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. ஏழாம் வரியில் தொடங்கும் பணி நெடுங்காலம் தொடரும் போல் தோன்றுகிறது." டீச்சர் கைகூப்பிவிட்டு ஓடவிட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரியின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பள்ளி விட்டாச்சு என்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, தீப்பிடித்துவிட்டதென்று காவலாளி வாளியோடு ஓடிவந்து அதிகாரியின் காலணிமேல் கவிழ்த்துவிட, கடைசியில் கம்பைலரை எழுதிய தோகார் ஒயரையே பிடுங்கி எறிந்தான்.

"எச்சரிக்கையா அது? நான் வாழ்த்துன்னுல்ல நெனச்சேன் சார்!" என்றார் டீச்சர்.

தோகார் மேடான்காரன், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும் பத்தாக் இனத்து ஆள், தொண்டையே ஒலிபெருக்கி. "பெரியவரே! வீடு பத்தி எரியுறப்போ, 'இன்னிக்கு வெளிச்சம் கொஞ்சம் தூக்கலோ'ன்னா கேப்பீங்க?" என்று கத்திவிட்டு, அவனே மாற்றி எழுதினான்: "ஏழாம் வரி. மணி நிக்காது. மூளை இருக்கா?" அதைப் படித்த டீச்சர் கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பள்ளி விலகினால் நீங்கள் இருவரும் விலகலாம் என்றார் முதலாளி.

நம்மூர்ப் பலாக்காய் குதெக் பொட்டலத்தோடு இருவரும் டீச்சர் வீட்டு வாசலில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி மூன்றாவது வாக்கியத்தில் இருக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதிகாரி பேச்சக் கேக்காமத் தப்பிச்சோம், அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும் சார். தோகார் தம்பி, எங்க தப்புன்னு நீங்க சொல்லுங்க. எப்படித் திருத்தணும்னு சார் சொல்லட்டும். ஆளுக்கு ஒரு வரிதான்!"

இப்போது இப்படி வருகிறது: "ஏழாம் வரி: மணி நிற்காது. நிறுத்தும் நேரத்தை இங்கே சேர்க்கவும்." சட்டையில்லாமல் தெருவில் நிற்பதுபோல் எனக்குக் கூச்சம். ஆனால் பள்ளி விலகவில்லை, நாங்களும் விலகவில்லை.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. வருகிற மாதம் முதல் ஞாயிறு வாக்கில், முழங்கால் இடம் கொடுத்தால், இந்தப் பக்கம் காற்றாட வந்து போவது இதமாக இருக்கலாமோ என்று ஒரு எண்ணம். அத்தானுக்கு என் பணிவான விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உங்கள் தம்பி,
வினார்னோ

பி.கு.: கடிதத்தை வாசித்த தோகார், "இதப் படிச்சா உங்கக்கா ரயிலேற மாட்டாங்க பெரியவரே" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். ஆகவே: அந்த ஞாயிறு எனக்கும் ரெத்னோ டீச்சருக்கும் கல்யாணம். வரவும்.