அடிஷனல் ஷீட் கிடைக்காத பரீட்சை

எங்கள் கல்லூரி வாங்கிய காகிதத்தில் பாதியை அடிஷனல் ஒருத்தியே தீர்த்தாள் என்று சொன்னால், தஞ்சாவூரில் எங்களோடு படித்த எவரும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் வேறு. பரீட்சை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நின்று, "மேடம், அடிஷனல் ஷீட்" என்று கேட்பாள். நாங்கள் அப்போது கேள்வித்தாளையே முழுதாகப் படித்திருக்க மாட்டோம். அந்தக் குரல் கேட்டதும் ஹாலில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

குத்தாலத்துப் பெண். ஹாஸ்டலில் என் அறைத்தோழி. இருவருக்கும் பி.ஏ. வரலாறு. சோழர் காலப் பாசனம் பற்றி ஐந்து மார்க் கேள்வி வந்தால், அவள் குடகு மலையில் மழை பெய்வதிலிருந்து ஆரம்பிப்பாள். கல்லணை, திருவையாறு என்று ஊர் ஊராக ஆற்றைக் கூட்டிக்கொண்டு வந்து, பூம்புகார்க் கடலில் விட்ட பிறகுதான் பேனாவை மூடுவாள். வழியில் குத்தாலத்தில் அவர்கள் வயலுக்கும் கொஞ்சம் தண்ணீர் பாயும்.

"இவ்வளவு ஏம்மா எழுதுற?" என்று திருத்துகிற மேடம் ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

"ஆறு நடுவுல நிக்காதுங்க மேடம்" என்றாள்.

வகுப்பில் முதல் மார்க் எப்போதும் அவளுக்குத்தான். என் நிலைமை வேறு. மைக்கூட்டில் விழுந்து எழுந்த பல்லி ஒன்று பக்கம் முழுக்க ஓடினால் எப்படி இருக்குமோ, அதுதான் என் கையெழுத்து. பதில் தெரிந்தும் அரியர் வைத்த ஒரே ஆள் நான்தான். திருத்தியவர்கள் என் தாளில் போட்ட கேள்விக்குறிகள், கேள்வித்தாளில் இருந்ததைவிட அதிகம்.

கடைசி வருடத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அரியர் உட்பட எல்லாப் பரீட்சையும் இனி கம்ப்யூட்டர் லேபில், ஆன்லைனில். மெஸ்ஸில் அன்று சாம்பார் ஆறிப்போனது.

"ஒரு மார்க் கேள்விக்கெல்லாம் அங்கயே மார்க் தெரிஞ்சிடுமாம்."

"அதாண்டி பயமா இருக்கு. ஊருக்குப் போற பஸ்ல நிம்மதியா இருந்துட்டு, ரிசல்ட் வந்தப்புறம் அழுவேன். இனிமே லேப்லயே அழணுமா?"

அடிஷனல் தட்டைத் தள்ளி வைத்தாள். "பக்கத்தப் பொரட்டாம அது என்னடி பரீட்சை?"

முதல் பரீட்சை வந்தது. என்னுடையது போனில் பொழுதன்றைக்கும் தமிழில் அரட்டை அடித்த கை; விறுவிறுவென்று தட்டினேன். பக்கத்து இருக்கையில் அவள் ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.

"'க்'குக்குப் புள்ளி எங்கடி இருக்கு?" என்று கிசுகிசுத்தாள்.

மேடம் முறைத்தார். புள்ளி கிடைத்து, குடகில் மழை பெய்து, ஆறு மேட்டூருக்கு வருவதற்குள் நேரம் முடிந்து, திரை தானாக மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது போராட்டத் தலைவியாக இருந்தாள்.

மறுநாள் அவள் முன்னால் நடக்க, பெரிய கூட்டமாகப் பிரின்சிபாலிடம் போனோம். நான் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் நின்றேன். பிரின்சிபால் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாருக்கும் பேப்பர்தான் வேணும்னா அதுக்கே போயிடலாம்மா. ஆனா ரெண்டு விதமாவும் நடத்த என்கிட்ட ஆள் இல்ல. ஒரே முடிவா நாளைக்கு வந்து சொல்லுங்க."

ஜெயித்துவிட்டோம் என்று கூட்டம் கேன்டீனுக்குப் போனது. அன்று மத்தியானமே, முதல் பரீட்சையின் மார்க்கை ஒட்டினார்கள். முதலில் என் பெயர். என் பெயரில் வேறு ஒருத்தி சேர்ந்திருக்கிறாளோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அடிஷனல் பெயர் கீழே, மிகக் கீழே.

அறைக்கு வந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அரியரும் லேப்லன்னா நீ பாஸ் ஆயிடுவ, இல்ல?"

"ஆயிடுவேன்னு நெனக்கிறேன்."

"பேப்பர் திரும்ப வந்தா?"

நான் என் நோட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

"பிரின்சிபால் ரூம்ல சொல்ல வேண்டியதுதானே, கழுத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அதே கூட்டத்தின் முன்னால் நின்று, பிரின்சிபாலிடம், "கம்ப்யூட்டரே இருக்கட்டுங்க மேடம்" என்றாள். பின்னால் நின்றவர்கள் திகைத்துப்போனார்கள்.

"ஏம்மா, நேத்து நீதானே வேணாம்னு அவ்வளவு பேசின?"

"நேத்து ஒரு பக்கத்தத்தான் பாத்தேன் மேடம். டைப்பிங் பழக லேபை மட்டும் சாயங்காலம் தொறந்து விடுங்க."

பிரின்சிபால் திறந்துவிட்டார். வகுப்பில் பலர் அவளோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு அவர்களும் ஒவ்வொருவராக அந்த லேபுக்கே பழக வந்து சேர்ந்தார்கள். நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் டைப் அடிப்பதைப் பார்த்தால் நாற்று நடுவது போலிருக்கும்: குனிந்து, ஒவ்வொன்றாக, ஆழ ஊன்றி. லேபில் இரண்டு கீபோர்டுகள் அவளால் ஓய்வு பெற்றன. கடைசிப் பரீட்சையில் ஆற்றைக் கல்லணை வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். பாஸ்தான், முதல் இடம் போய்விட்டது. எனக்கு அரியர் மொத்தமும் தீர்ந்தது.

ரிசல்ட் வந்த அன்று, திருத்திய விடைகளைத் திரையில் பார்க்கலாம் என்றார்கள். அவள் தன்னுடையதைத் திறக்கவில்லை. என்னுடையதைத் திறக்கச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள்.

"இத்தன நாளா ஒரே ரூம்ல இருக்கோம். நீ எழுதினத இன்னிக்குத்தாண்டி படிக்கிறேன்" என்றாள். மறுபடி முதல் வரிக்குப் போய், "நல்லா எழுதுற" என்றாள்.

இப்போது இந்தப் பத்திரிகையில் என்னை வாரா வாரம் படிக்கிறீர்கள். எனக்கு முதல் வாசகி அவள்தான்.