மட்டிப் பழமும் மேனேஜரின் தம்பியும்

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கம்ப்யூட்டரை மிரட்டி வேலை வாங்கத் தெரிந்த ஒரே ஆள் கறுப்புத்திரை அக்காதான். இதை மறுப்பவர்கள் அக்காவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

தக்கலையில் பெயிண்ட் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தமே ஆறு பேர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காகப் பயிர்களைப் பற்றிய தகவல்களைச் சேர்க்கிற வேலை. அதற்கு ஆர்.டி.எஃப். என்று ஒரு முறை உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, எந்தச் செய்தியையும் மூன்று துண்டாக எழுத வேண்டும், அவ்வளவுதான். மட்டி – வகை – வாழை. செவ்வாழை – நிறம் – சிவப்பு. இப்படி மலைபோல எழுதிக் குவித்துவிட்டு, பிறகு அதனிடம் கேள்வி கேட்கலாம்.

நாங்கள் மவுசைப் பிடித்துக்கொண்டு திணறுவோம். அக்கா கறுப்புத் திரையில் கட்டளையை அடித்து, "சொல்லு சவமே" என்று அதட்டிவிட்டுத்தான் என்டரைத் தட்டுவாள். மேனேஜர் ஒருமுறை புது மென்பொருள் வாங்கிப் போட்டார். வட்டமும் கோடுமாகக் கலர் கலராகப் படம் காட்டும். அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"கோலம் நல்லாருக்கு சார். இதுல பதில் எங்க இருக்கு?"

கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் திரை வெறுமையாக நின்றால் எங்களுக்குக் கைகால் ஓடாது. அக்கா அசரமாட்டாள். கேள்வியை அடியிலிருந்து ஒவ்வொரு வரியாக வெட்டித் தட்டிப் பார்ப்பாள். எந்த வரியை எடுத்ததும் பதில் கொட்டுகிறதோ, அந்த வரிதான் கள்ளன்.

"வெப்ராளப்படாத மக்கா, பதறாத. பதில் வரல்லன்னா இல்லன்னு அர்த்தமில்ல. அதுக்குத் தெரியலன்னுதான் அர்த்தம்."

இந்தத் தத்துவத்தை டீக்கடையிலும் விடமாட்டாள். பழம்பொரி இல்லை என்று சொன்ன கடைக்காரரிடம், "இல்லியா, உங்க கண்ணுல படலியா?" என்று கேட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே தேடினார். போண்டாவுக்குப் பின்னால் இரண்டு கிடந்தன.

வேலையை ஒப்படைக்க வேண்டிய நாள் வந்தது. தவறினால் ஒப்பந்தம் வேறு ஊருக்குப் போய்விடும், ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமனாரிடம் 'நிரந்தர வேலை' என்று அளந்து வைத்திருந்தேன்.

கடைசியாக ஒரு சோதனைக் கேள்வி போட்டாள் அக்கா: கைக்குழந்தைக்குக் கொடுக்கும் வாழைப்பழம் எது? எங்கள் ஊரில் மட்டிதான். ஆனால் மட்டியோடு மோரிஸ் என்கிற வேறொரு வாழையும் வந்து நின்றது. வரி வரியாக வெட்டினாள். மோரிஸ் போகவில்லை. "மட்டியப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் கக்கு" என்று தட்டினாள். நடுவில் ஒரு வரி: மட்டி – அதுவேதான் – மோரிஸ். அதாவது இரண்டும் ஒன்றேதான், ஒன்றுக்குச் சொன்னதெல்லாம் மற்றதற்கும் ஒட்டிக்கொள்ளும்.

எழுதியவர் மேனேஜர். வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த பழப் பட்டியலில் மட்டியே கிடையாது. அதனால் பிழை, பிழை என்று சிவப்பாக வந்துகொண்டிருந்தது. அதை அடக்க, பட்டியலில் இருந்த மோரிஸோடு மட்டிக்கு முடிச்சுப் போட்டுவிட்டார் மனுஷர்.

"அங்க உள்ளவனுக்கு மட்டியத் தெரியுமாம்மா? எல்லாம் வாழப்பழந்தான. அனுப்பிரு."

"அனுப்ப மாட்டேன் சார்."

"எல்லாருக்கும் வேல போயிரும்."

"போட்டும்."

அக்கா திரும்பி, சோதனைக்கென்று வைத்திருந்த இன்னொரு தொகுப்பில் மேனேஜரின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் எழுதினாள். அடுத்து அவருடைய தம்பியையும் தம்பி மனைவியையும் எழுதினாள். பிறகு ஒரே ஒரு வரி: மேனேஜர் – அதுவேதான் – தம்பி.

"ஒரே அப்பா, ஒரே வீடு, ஒரே மூக்கு. அங்க உள்ளவனுக்கு வித்தியாசம் தெரியுமா சார்?"

மேனேஜரின் மனைவி யார் என்று கேட்டுத் தட்டினாள். திரையில் பளிச்சென்று இரண்டு பெயர்கள். மேனேஜர் சபைக் கமிட்டியில் இருப்பவர். ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவர். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"ஏம்மா, அத அழிச்சிரு."

"மட்டி விஷயம் தப்புன்னு ஒத்துக்கிடுங்க, அழிக்கேன்."

"தப்புதாம்மா."

முடிச்சை அவிழ்த்து, மட்டியைத் தனிப் பழமாகவே அனுப்பினாள். பிழைச் செய்தியும் சிவப்பாகக் கூடவே போனது. 'இது உங்கள் பட்டியலில் இல்லை. எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. பட்டியலைத் திருத்தவும்' என்று ஒரு குறிப்பு வேறு.

பல நாட்கள் வெளிநாட்டிலிருந்து சத்தமே இல்லை. பதில் வராததற்கு இல்லை என்று அர்த்தமில்லையென்று அக்கா சொன்னாள். அந்தத் தத்துவம் அப்போது எனக்கு இனிக்கவில்லை. மாமனாரிடம் என்ன சொல்வது என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் பதில் வந்தது. மட்டிக்குப் பட்டியலில் தனி இடம் கொடுத்துவிட்டார்களாம். விட்டுப்போன வேறு பழங்கள் இருந்தால் அவற்றையும் அனுப்பச் சொன்னார்கள். "நாம விட்டுக் கொடுக்கல்ல பாத்தியா" என்று மேனேஜர் எல்லோரிடமும் சொன்னார். ஆனால் தினமும் அக்காவின் மேசைப் பக்கம் வந்து, "அத அழிச்சாச்சாம்மா?" என்று மெல்லக் கேட்பார். "பாக்கேன் சார்" என்பாள் அக்கா.

என் கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். யாருக்கும் வளையாதவள், மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வேலைய வச்சு வெளயாடிட்டேன் மக்கா. மனசுல வச்சுக்கிடாத" என்றாள். "சாப்புட்டுட்டுப் போங்கக்கா" என்றேன். அன்று அவள் பேசாமல் அனுப்பியிருந்தாலும் எனக்கு வேலை மிஞ்சியிருக்கும். ஆனால் காலையில் எழுந்ததும் எப்போது போய் உட்காருவோம் என்று மனசு அடித்துக்கொள்கிற இடமாக அந்த ஆபீஸ் இருந்திருக்காது.